பேபி ஆஃப் மங்கையர்க்கரசி

ஆஸ்பத்திரியில் என் மகனுக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பிறந்து நாற்பத்தொரு நாள். இன்னும் பெயர் சூட்டவில்லை. மணிக்கட்டில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப் மங்கையர்க்கரசி' என்று எழுதியிருந்தது. இரண்டாம் நாள் 'பேபி ஆஃப்' உதிர்ந்து தரையில் விழுந்தது. பெருக்குகிற அம்மா அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்.

அவனுக்கு இருமல். இருமி இருமி முகம் நீலமாகும். பிறகு இருமலும் நிற்கும், மூச்சும் நிற்கும். அப்போது வார்டில் எல்லோரும் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் மட்டும் அவனையே பார்ப்பேன். மூச்சு திரும்பி வரும்.

"கக்குவான் மாதிரிதான் இருக்கு. ஆனா இருமி முடிச்சதும் கூவணுமே, கூவலையே" என்றார் சகாயமேரி சிஸ்டர்.

"இத்தனை சின்னப் பிள்ளை எப்படி சிஸ்டர் கூவும்?"

"அப்ப கிருமியோட பேரு வரட்டும். பேரு வந்தாத்தான் மருந்து. நீங்க வெளிய இருங்க."

கதவைச் சாத்திவிட்டார். நான் வராந்தாவில் நின்றேன். பால் கட்டி மார்பு வலித்தது. எனக்கும் இருமல் வந்தது. நான் ஒரு தடவை இருமினால் வராந்தா நாலு தரை ஓடு நீளும். கதவு அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். அது வெறும் தூசி இருமல். பிரசவத்துக்கு முன்பிருந்தே இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, நானும்தான்.

லேப் ஒரு பீரோவுக்குள் இருந்தது. அதிலிருந்து ஜெபராஜ் என்பவர் தலையை நீட்டினார்.

"மங்கையர்க்கரசி யாரு?"

"நான்தான். ஆனா டெஸ்ட்டு என் மகனுக்கு."

"சீட்டுல உங்க பேருதான் இருக்கு. மூக்கைக் காட்டுங்க."

"பிள்ளை உள்ள இருக்கான் சார்."

"நாங்க பேருக்குத்தான் டெஸ்ட்டு எடுப்போம்."

மெல்லிய குச்சியை மூக்கு வழியாகத் தொண்டை வரைக்கும் விட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. கிருமி வளர்க்கிற, ரத்தம் கலந்த சிவப்பு ஜெல்லித் தட்டில் குச்சியைத் தேய்த்தார்.

"எப்ப தெரியும்?"

"ஏழு நாள் ஆகும். கூச்சப்படுற கிருமி. சட்டுனு வெளிய வராது."

"என் மகனுக்கு ஏழு நாள் இருக்கா?"

"அதுக்கு வேற ஃபாரம்."

அந்த ஃபாரம் தீர்ந்துபோயிருந்தது. ஏழு நாளும் பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவன் இருமினால் சந்தோஷமாக இருந்தது. இருமல் கேட்டால் அவன் இருக்கிறான். சத்தம் இல்லாதபோதுதான் எனக்கு உயிர் போனது.

ஏழாம் நாள் தட்டில் பொடிப்பொடியாக முத்துகள் முளைத்திருந்தன. அதைத் தொட்டிலில் போட்டு பலூன் கட்டியிருந்தார்கள். ஜெபராஜ் குனிந்து 'போர்டடெல்லா பெர்டுசிஸ்' என்று கிருமியின் பெயரை மூன்று முறை ஓதினார். என் கையில் சர்க்கரை கொடுத்தார்கள். என் மகனுக்கு இதை இன்னும் யாரும் செய்யவில்லை.

"கக்குவானேதான். உங்ககிட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கு" என்றார் சிஸ்டர், நேரம் சொல்வதுபோல.

நான் தினமும் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தவள்.

"இனி ரெண்டு பேருக்கும் மருந்து உண்டு. அஞ்சு நாளைக்கு நீங்க கிட்ட வரக்கூடாது."

மாத்திரையை விழுங்கினேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினேன். அப்படியும் வராந்தா நீண்டது. ஐந்து நாள் முடிந்ததும் கதவை நோக்கி நடக்கத் தொடங்கினேன். வழியில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. பஸ் வரவில்லை. மீதியையும் நடந்தேன்.

கதவருகே சிஸ்டர் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"என் மகனை. இளம்பரிதியை."

அவன் வயிற்றில் இருந்தபோதே நான் நினைத்துவைத்த பெயர். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்படி யாரும் இங்க இல்லையே. மங்கையர்க்கரசினு ஒரு பிள்ளைதான் இருக்கு."

"மங்கையர்க்கரசி நான்தான் சிஸ்டர்."

"அப்ப ஏன் எந்திரிச்சுப் போனீங்க? போய்ப் படுங்க."

தொட்டில் என் முழங்கை நீளம்தான். ஒடுங்கிப் படுத்தேன். இடம் போதுமானதாக இருந்தது. பக்கத்தில் அவன் கிடந்தான். மெலிந்திருந்தான். எத்தனை நாள் ஆயிற்று இந்த வாசனை.

காதில் பெயரைச் சொன்னேன். இருமினான். இரண்டாம் முறை சொன்னேன். இருமினான்.

மூன்றாம் முறை சொன்னேன். சத்தமே இல்லை. வார்டில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பிறகு என் கழுத்தில் அவன் மூச்சு பட்டது.