74,310 புள்ளிகளை லாரியில் ஏற்றிய கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைத் தமிழில் எழுத மொழிப்பற்று காரணம் இல்லை. வெர்னுக்குத் தமிழ் தெரியாது. அவ்வளவுதான்.

வெர்ன் எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத்தில், அவருடைய பழைய வீட்டு மாடியறையில் மூன்று வருடம் குடியிருந்தேன். முப்பத்தோரு வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லொரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். அந்த வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் மெஷினுக்கும் தூண்டில்களுக்கும் நடுவே, ஆளுயரத்துக்கு, காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் மெஷின் ஒன்று நின்றது. விளையாட்டின் பெயர் 'தபால்காரன்'. (அசல் பெயர் வேறு. அதை எழுதினால் வெர்ன் போனில் தேடும்போது மாட்டிக்கொள்வேன்.) ஒரு குட்டித் தபால்காரன் தெருத்தெருவாக ஓடிக் கடிதம் போட வேண்டும். நாய்கள் துரத்தும். கடித்தால் ஆட்டம் முடிந்தது. நிஜ வெர்னை இதுவரை ஏழு நாய்கள் கடித்திருக்கின்றன. விளையாட்டில் கடித்ததற்கு அளவே இல்லை. மூன்றாம் தெருவை அவர் பார்த்ததே கிடையாது.

நான் பிறந்தது இரண்டாயிரத்தில். இந்த மெஷின்கள் எல்லாம் கடைகளிலிருந்து காணாமல் போன பிறகு. இருந்தாலும் அந்தத் திரைக்கண்ணாடியின் வெதுவெதுப்பைத் தொட்டால் கையை எடுக்க எனக்கு மனம் வராது. எனக்கு இருந்ததே இல்லாத ஒன்றை இழந்துவிட்டதாக ஏக்கம். எந்த டாக்டரிடம் போய் இதைச் சொல்வது?

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"1983 அக்டோபரில், ஏரிக்கரை பீட்சா கடை ஒன்றில்" — ஆவணப்படம்.

"மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது, ஒரு வயதான" — வயதான என்ன? பூனையா? தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

"லொரெய்ன் பொய் சொன்னார்." — இது நல்ல வரி. ஆனால் வெர்னின் போனில் ஒரு வசதி இருக்கிறது. எந்த மொழி எழுத்தின் மேல் காட்டினாலும் ஆங்கிலத்தில் சொல்லிவிடும். போன வாரம் என் மளிகைப் பட்டியல்மேல் காட்டிவிட்டு, "ஏன் கேல், உனக்கு எதுக்கு ரெண்டு கிலோ பெருங்காயம்?" என்றார். (நான் கயல்விழி. அவருக்கு கேல்.) ஐம்பது கிராம்தான் எழுதியிருந்தேன். ஆகவே போனை நம்ப முடியாது. ஆனாலும் ஒரு பாதுகாப்புக்காக இந்தப் பத்தி:

[வெர்ன், இது ஏரிமீன்களின் உணவுப் பழக்கம் பற்றிய கட்டுரை. மிகவும் நீளமானது. மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.]

3

அந்த பீட்சா கடையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது, திரைக்கண்ணாடியின் கீழ் விளிம்பில் நீங்கள் ஒரு கால் டாலர் காசை வைத்துவிட்டால், அடுத்த ஆட்டம் உங்களுடையது. காசை யாரும் தொட மாட்டார்கள். ஆடுகிறவரை யாரும் அவசரப்படுத்தவும் மாட்டார்கள். வெர்ன் காசை வைத்தார். ஆடிக்கொண்டிருந்தது லொரெய்ன்.

"ஒரு மணி நாப்பது நிமிஷம் நின்னேன்" என்றார் வெர்ன் என்னிடம். "வாங்கி வச்ச பீட்சா கல்லாயிப் போச்சு."

"கெளம்பிப் போயிருக்கலாமே?"

"என் காசு அங்க இருக்குல்ல!"

"கடைசில இருமினான்" என்றார் லொரெய்ன், பின்னுவதை நிறுத்தாமல். "சரியா என் காதுக்குள்ள. திரும்பிப் பாத்தேன், பழுப்பு நாய் கவ்விருச்சு. இந்த மனுஷன் மட்டும் இருமாம இருந்திருந்தா எம்பதாயிரம் தாண்டியிருப்பேன்."

"தூசி, லொரெய்ன்."

"நாப்பது வருஷமா அதே தூசி."

74,310. எல், ஓ, ஆர் என்று அவர் பெயரின் முதல் மூன்று எழுத்து திரையில் ஏறியது. முதல் இடம். அடுத்த வருடம் கல்யாணம்.

இதில் ஒரு சிக்கல். அந்தக் காலத்து மெஷின், கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். வெர்ன் கடைக்காரரிடம் கெஞ்சி, பதின்மூன்று வருடம் அணைக்காமல் வைத்திருக்கச் செய்தார். கடை மூடியபோது மெஷினை வாங்கி, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓட ஓட, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நிலவறையில் பேட்டரிப் பெட்டி ஒன்று வைத்து அதில் செருகினார். கரண்ட் போனாலும் பெட்டி தாங்கும். அவருடைய கார் நம்பர் பிளேட்டில் 74310. அவருடைய வங்கி ரகசிய எண்ணும் அதுதான் என்று நினைக்கிறேன். (இதைப் படிக்கிறவர்கள் நல்லவர்கள் என்று நம்புகிறேன்.)

4

ஏப்ரலில் கைப்பிடி இறுகிவிட்டது. சரி பண்ணலாம் என்று பின்பலகையைக் கழற்றினேன். வெர்ன் பழைய தபால்காரர்களோடு பந்து உருட்டும் பவுலிங் ஆட்டத்துக்குப் போயிருந்தார். பேட்டரிப் பெட்டி வீங்கி, வெடித்து, பச்சை பூத்துக் கிடந்தது. செத்துப்போய் வருடக்கணக்கு இருக்கும்.

ஆனால் மார்ச்சில் உறைமழை வந்து தெரு முழுக்க ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. நானே மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மேலே திரையில் 74,310. எல், ஓ, ஆர்.

துணி எடுக்க வந்த லொரெய்ன் படியிலேயே நின்றுவிட்டார்.

"பாத்துட்டியா?"

"இது எப்படி?"

"பலகைய மூடு கண்ணு. மூடிட்டு வா, காபி போடுறேன்."

காபி வரும்வரை நான் பேய், பிசாசு வரை யோசித்துவிட்டேன். லொரெய்ன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "நான்தான் திரும்பத் திரும்ப ஆடுறேன்."

"எது, அதே ஸ்கோருக்கா?"

"பதினாலு தடவ. கரண்ட் போச்சுன்னா அடுத்த வியாழக்கிழம அவன் பவுலிங் போவான்ல, அப்ப உக்காந்துருவேன். எழுபத்தி நாலாயிரத்து முன்னூறு வந்ததும் ஒரே ஒரு கடுதாசி போடுவேன். நேரா போயி பழுப்பு நாய்கிட்ட நிப்பேன். கடிச்சுக்கோன்னு."

"அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"அவன் நாப்பது வருஷமா அணையாம காப்பாத்துறான். அது பதினாலு தடவ அணைஞ்சிருச்சுன்னு எப்படிச் சொல்ல? நீ சொல்லுவியா?"

நான் சொல்லவில்லை. நான் யார் சொல்வதற்கு? நான் வாடகைக்காரி.

பிறகு அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் மடங்கவில்லை. "மார்ச்சுல பதினோரு ஆட்டம் ஆடி ஒண்ணு வந்துச்சு. இனிமே முடியாது கண்ணு. இன்னொரு தடவ போனா, போனதுதான்."

5

[லொரெய்ன் பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று எனக்கே சந்தேகம். ஒரு கணவனின் மனம் நோகக்கூடாது என்று பதினான்கு முறை நாயிடம் கடி வாங்குகிற பெண் இருப்பாரா? அதே பெண், வெர்ன் குறட்டை விட்டால் துடைப்பத்தால் குத்துகிறவர். இரண்டும் ஒரே ஆள்தான். என்னால் மாற்ற முடியாது, துடைப்பத்தை நானே பார்த்திருக்கிறேன்.]

இன்னொரு கேள்வி. அப்படியானால் வெர்ன் காப்பது எதை? 1983ஐயா, போன மார்ச்சையா? திரையில் இருக்கிற எண்ணுக்குத் தன் வயது தெரியாது. இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அழகாக வந்தது. அழித்துவிட்டேன், ஏனென்றால் கதையில் லாரி இன்னும் வரவில்லை.

6

லாரி வருகிறது.

லொரெய்ன் நிலவறைப் படியில் இரண்டு முறை விழுந்துவிட்டார். மருத்துவர் படியே கூடாது என்று சொல்லிவிட்டார். நான்கு மைல் தள்ளி, மேட்டுத் தெருவில், தரைத்தளத்தில், எனக்கும் ஓர் அறையோடு ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. பழைய வீடும் விலை பேசியாயிற்று. வெர்ன் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்.

"மெஷின் அணையாம வரும்னா நானும் வர்றேன். அணைஞ்சா நான் இங்கதான்."

"வீட்டை வாங்குறவங்க உன்னை என்ன பண்ணுவாங்க?" என்றார் லொரெய்ன்.

"என்னைச் சுத்திப் பெருக்கிக்கட்டும்."

ஆக, ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை காலை. புதிய பேட்டரிப் பெட்டி ஒன்று நான் வாங்கினேன். உறைந்த ஏரியில் மீன்பிடிக்கும் கூடாரத்துக்கென்று வெர்ன் வைத்திருந்த இரண்டு பெரிய பேட்டரிகள் அதற்குத் துணை. ஓய்வுபெற்ற நான்கு தபால்காரர்கள் மெஷினைப் பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். திரை மின்னிக்கொண்டே வந்தது. ஐந்தாவது தபால்காரர் பின்னால் பேட்டரியை ஏந்திக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு நாய் எல்லோரையும் பார்த்துக் குரைத்தது, பழைய கணக்கு.

வெர்ன் ஓட்டுவார். லொரெய்ன் முன்னால், அவர் பக்கத்தில். நான் பின்னால், லாரியின் பூட்டிய சரக்குப் பெட்டிக்குள், மெஷினோடு. (சட்டப்படி தப்பு. ஏரிமீன்கள் பற்றிய கட்டுரை, வெர்ன்.)

"வயர் மேல கண்ணு வச்சிரு கேல்" என்றார் வெர்ன். "உன்ன நம்பித்தான்."

பத்து நிமிடப் பயணம். இரண்டாம் நிமிடத்தில் ஒரு குழி வந்தது. நான் சரிந்தேன். என் முழங்கால் வயரைப் பிடுங்கியது.

திரை கறுத்தது.

உடனே செருகினேன். ஆனால் இந்த மெஷின் உயிர் வரும்போது ஒரு காரியம் செய்யும்: நாய் மாதிரி ஊளையிடும். புதிதாக ஆன் பண்ணும்போது மட்டும் வருகிற ஊளை. லாரி முழுக்க ஒலித்தது. முன்பக்கத்தில் பேச்சு நின்றது. பிறகு யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.

திரையில், யாருமே ஆடாத மெஷின் காட்டும் கணக்கு: 10,000. ஏ, ஏ, ஏ.

7

இரண்டு நிமிடம் கழித்து லாரி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றது. கதவு திறந்து லொரெய்ன் ஏறினார், முழங்காலைத் திட்டிக்கொண்டே.

"உனக்குத் தல சுத்துதுன்னு சொல்லிட்டேன். துணைக்கு வந்திருக்கேன்."

"லொரெய்ன், நான்—"

"அழுவாத. அழுதா திரை தெரியாது. பட்டனைத் தட்டு."

"நானா? என் அதிகபட்சமே இருபதாயிரம்!"

"கை உன்னோடது, கண்ணு என்னோடது. தட்டு."

கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். லாரி கிளம்பியது. முதல் ஆட்டம் இரண்டாம் தெருவில் முடிந்தது.

"நாயைப் பாக்காத. வாலைப் பாரு. வால் எந்தப் பக்கம் ஆடுதோ அந்தப் பக்கம்தான் திரும்பும்."

"நெஜ நாயும் அப்படியா?"

"அது தெரிஞ்சிருந்தா அவனை ஏழு தடவ கடிச்சிருக்குமா? இடது! இடது! பார்சல எடு! மண்டு, வலது!"

இரண்டாவது ஆட்டம் முப்பதாயிரம். அப்போதுதான் சக்கரங்களுக்கு அடியில் அந்த ரீங்காரம் கேட்டது. டுலூத்காரர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும்: தூக்குப் பாலத்தின் இரும்புக் கம்பித் தளத்தில் வண்டி ஏறினால் வருகிற ரீங்காரம். எங்கள் புது வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்லை. திசையே வேறு.

"இவன் எங்க போறான்?" என்றார் லொரெய்ன்.

மூன்றாவது ஆட்டம். பதினைந்தாயிரம். மறுபடி ரீங்காரம், இந்த முறை திரும்பி வரும் வழி. நாற்பதாயிரம். மறுபடி ரீங்காரம். லாரி நடக்கிறவனின் வேகத்தில் போனது. குழிகளே வரவில்லை. ஒவ்வொரு குழியையும் யாரோ பார்த்துப் பார்த்து விலக்கினார்கள். நான்காவது ரீங்காரத்தின்போது லொரெய்னின் கை என் தோளில் ஒருமுறை இறுகியது. பிறகு, வேறு ஒரு குரலில், "நேரா போ கண்ணு. நமக்கு நேரம் இருக்கு" என்றார்.

8

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: லாரி வந்து சேரும்போது திரையில் 74,310, எல், ஓ, ஆர். வெர்ன் கண்டுபிடிக்கவில்லை. — ஊளையை என்ன செய்வது? அவர் காது நன்றாகக் கேட்கும், முன்னூறு அடியில் வருகிற நாயைச் சொல்வார்.

இரண்டு: வெர்ன் கதவைத் திறந்து, எனக்கு எல்லாம் தெரியும், அதற்காகத்தான் வியாழக்கிழமைகளில் பவுலிங் என்று ஒரு நீண்ட வசனம் பேசுகிறார். — பேச மாட்டார். மின்னசோட்டாக்காரர்கள் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மூன்று: உண்மையில் நடந்தது. அதில் பாதிதான் தருவேன்.

லாரி நின்றது. என்ஜின் அடங்கியது. போனைப் பார்த்தேன், கிளம்பி ஒரு மணி நாற்பது நிமிடம். கதவு மேலே போனது, வெளிச்சம் வந்தது, வெர்ன் நின்றிருந்தார்.

"டிராபிக்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டுலூத்தில்.

"ஆமா, இருக்கும்" என்றார் லொரெய்ன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. 74,300. வலப்பக்கம் ஒரு தபால்பெட்டி. இடப்பக்கத் தெருமுனையில் பழுப்பு நாய். வெர்ன் மெதுவாக ஏறி வந்தார். பையைத் துழாவி ஒரு கால் டாலர் காசை எடுத்து, கண்ணாடியின் கீழ் விளிம்பில் வைத்தார். எங்கள் பின்னால் போய் நின்றுகொண்டார். ஏன் 74,300இல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்கவில்லை.

"அவசரமில்ல" என்றார்.

நான் கடிதத்தைப் போட்டேன். 74,310.

இப்போது நாயிடம் போய் நிற்க வேண்டும். நின்றால் அந்த எண் அப்படியே இருக்கும், அணையாமல் வந்ததாகவே இருக்கும், மூவரும் இறங்கிப் போய் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். அடுத்த தெருவுக்கு ஓடினால், எண்பதாயிரம் உண்டா இல்லையா என்பது நாற்பது வருடம் கழித்து இப்போதாவது தெரியும். லொரெய்ன் இடது என்றும் சொல்லவில்லை, வலது என்றும் சொல்லவில்லை. தோளில் கை மட்டும் இருக்கிறது.

இவ்வளவுதான் தருவேன். நான் எந்தப் பக்கம் தள்ளினேன் என்பதை எழுதினால் போன் மொழிபெயர்த்துவிடும், அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேச வேண்டி வரும். அவர்கள் பேசாமலே நன்றாக இருக்கிறார்கள்.

ஆகவே கைப்பிடியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஈரமாக இருக்கும், மன்னியுங்கள். நாயின் வாலைப் பாருங்கள். சீக்கிரம் முடிவு செய்தால் நல்லது. லாரிக்குள் கம்பளித் தூசி பறக்கிறது. உங்கள் காதுக்கு அருகில் வெர்ன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தி, முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, இருமாமல் நிற்கிறார்.