டிரைவர் அண்ணன்

ஆளை வேலைக்கு எடுப்பது எப்படி என்று செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் ஆதித்தன். போடிநாயக்கனூரில் அவன் அப்பா காலம் வரைக்கும் அதற்கெல்லாம் ஒரு படிப்பு தேவைப்படவில்லை. ஏலக்காய் ஏல மையத்து வாசலில் டீ குடிக்கும்போது, கணக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று யார் காதிலாவது போட்டுவைத்தால் போதும். சாயங்காலத்துக்குள் யாராவது யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆதித்தனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் ஏலக்காயை இணையத்தில் விற்க ஆரம்பித்திருந்தான். இணையத்தில் சரக்கு விற்கிறவன் ஆளையும் அங்கேதான் எடுக்கவேண்டும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

வேலை தேடும் தளம் ஒன்றில் விளம்பரம் கொடுத்தான். வருகிற ஆர்டர்களைக் கவனிக்கவும் வாங்குகிறவர்களிடம் போனில் பேசவும் ஓர் ஆள். கொடுத்த கையோடு, முதலாளிமாருக்கு யோசனை சொல்லும் வீடியோக்களில் போய் விழுந்தான். அதில் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னார்: நேர்காணலில் எல்லோரும் நடிப்பார்கள், அவர்களுடைய நிஜக்குணம் வாட்ச்மேனிடமும் டிரைவரிடமும்தான் வெளிப்படும், முடிந்தால் நீங்களே டிரைவராகப் போய்ப் பாருங்கள். ஆதித்தன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். உலகத்தில் இப்படியொரு யோசனை தனக்கு மட்டும்தான் கிடைத்ததுபோல அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஊருக்குள்ளேயே ஆபீஸ் இருந்தது. ஆனாலும் நேர்காணலை மலையில், குரங்கணிக்கு மேலே, ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற தன்னுடைய ஸ்டோரில் வைத்துக்கொண்டான். ஜீப் வந்து கூட்டிப்போகும் என்று தகவல் அனுப்பினான். டிரைவர் ஜக்கையனுக்கு லீவு கொடுத்து, அவனுடைய காக்கிச் சட்டையையும் கேட்டு வாங்கினான்.

"எதுக்கு மொதலாளி?" என்றான் ஜக்கையன்.

"ஒரு சோலி இருக்கு" என்றான் ஆதித்தன்.

வந்தவள் பெயர் சிவரஞ்சனி. ராசிங்காபுரத்துக்காரி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, "ஏலக்கா கம்பெனி ஜீப்பு இதானாண்ணே?" என்று கேட்டாள். பின்சீட்டைக் காட்டினான். "நான் மட்டும் பின்னால என்னத்துக்கு?" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கோட்டுக்காரர் சொன்ன முதல் பரீட்சையில் பாஸ் என்று ஆதித்தன் மனசுக்குள் ஒரு மார்க் போட்டான்.

கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகும்போது, தென்னந்தோப்பில் நின்ற ஒருவர் ஜீப்பைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். ஆதித்தனுக்கு வேர்த்துவிட்டது. அவளோ, "டிரைவருக்கே கும்புடு போடுறாக. ஊருக்குள்ள ஒங்களுக்கு நல்ல பேரு போலண்ணே" என்றாள்.

உண்மையில் அவன் மாட்டிக்கொள்ளவேண்டிய இடம் மலையடிவாரம்தான். மேலே ஏறுகிற ஜீப் எதுவும் அங்கே இருக்கிற கருப்பசாமி முன்னால் நிற்காமல் போகாது. முதலாளிமார் சீட்டில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இறங்கிப் போய் விபூதி எடுத்துவந்து ஸ்டியரிங்கில் பூசுவது டிரைவருடைய வேலை. பிறந்ததிலிருந்து முதலாளி வீட்டுப் பிள்ளையாகவே அந்த வழியில் போய்வந்தவன் ஆதித்தன். வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டினான்.

"என்னண்ணே நீங்க, டிரைவரா இருந்துக்கிட்டு நிறுத்தாமப் போறீக?" என்று பதறினாள் அவள். "வண்டிய நிறுத்துங்க. வெரசா வந்துர்றேன்."

ஓடிப்போய் உள்ளங்கை நிறைய விபூதியோடு வந்தாள். ஸ்டியரிங்கில் பூசினாள். மிச்சத்தை அவன் முன்னால் நீட்டி, "வச்சுக்கங்கண்ணே. ஒங்கள நம்பித்தான் மலை ஏறுறேன்" என்றாள். அவன் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டான். கூடப்பிறந்த பிறப்பென்று யாரும் இல்லாதவன் அவன். அந்த அண்ணே காதுக்கு இதமாகத்தான் இருந்தது. அப்போதாவது அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை.

மேலே ஏற ஏற அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? நீங்க மொதலாளி மாதிரி என்னைய கேள்வி கேளுங்க. நான் பதில் சொல்லிப் பாக்குறேன். வீட்டுல கண்ணாடிகிட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு."

ஆதித்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரலைக் கனமாக்கினான். "ரெண்டு வருசமா எங்கயும் வேலை பாக்கலையே. என்ன செஞ்சீங்க?"

"கவர்மெண்டு பரீட்சைக்குப் படிச்சேன் சார்."

"எந்தப் பரீட்சை?"

அவளுக்கு வாய் குழறியது. முகத்தை வெளியே காப்பிச் செடிகளின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பரீட்சையெல்லாம் இல்லண்ணே. நடுவுல சும்மா இருந்தா காட்டிக்கிராதீங்க, ஏதாச்சும் படிச்சேன்னு சொல்லுங்கன்னு வீடியோவுல சொன்னாங்க" என்றாள். பிறகு நிஜத்தைச் சொன்னாள்.

"மதுரையில ஒரு பார்சல் ஆபீசுல இருந்தேன். குடோன்ல சாமான் காணாமப் போச்சு. நாந்தான் எடுத்தேன்னு போலீசு ஸ்டேசன்ல ஒக்கார வச்சுட்டாக. எங்கப்பா சேதி கேட்டு வந்து, உள்ள வர வெக்கப்பட்டுக்கிட்டு ரோட்டுலயே நின்னாரு. பெறகு எடுத்தவன் ஆப்புட்டான். என்னைய வீட்டுக்குப் போன்னு சொன்னாக, அம்புட்டுத்தான். நீ எடுக்கலம்மான்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லலண்ணே. அதுக்கப்புறம் எங்க போய் நின்னாலும், ஏன் அங்கருந்து வந்தேன்னு கேக்குறாக. ஒங்க மொதலாளிகிட்ட நெசத்தச் சொல்லிரட்டுமா?"

அந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தி, நான்தாம்மா முதலாளி, சொல்லிவிட்டாய், போதும் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வெட்கத்தோடு போயிருக்கும். சில பேருக்கு அந்த ஒரு நிமிஷம்தான் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

"வேணாம் தாயி, சொல்லாத" என்றான். "நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"விபூதி வச்சுக்கிட்டுச் சொல்றீகண்ணே, வாக்குத் தவறக் கூடாது" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

ஸ்டோர் வாசலில் அவளை இறக்கிவிட்டு, பின்பக்கமாகப் போனான். திட்டம் சுலபமானது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முதலாளி நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் திகைப்பாள். திகைப்பிலிருந்து எப்படி மீள்கிறாள் என்பதை வைத்து ஆளை எடைபோட்டுவிடலாம் என்று கோட்டுக்காரர் உறுதி சொல்லியிருந்தார். ஆதித்தன் வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். அவள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து உதடசைத்துக்கொண்டிருந்தாள். நிஜத்தைச் சொல்லாதே என்று அவன் சொன்னதை நம்பி, அந்தப் பரீட்சைப் பொய்யைத்தான் மனப்பாடம் செய்கிறாள் என்று தெரிந்தது. எந்த முகத்தோடு இவள் எதிரே போய் உட்காருவது? ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றி, அண்ணே என்று கூப்பிடவிட்டு, அவள் மனசைத் திறக்கவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சொந்த ஸ்டோரில் திருடனைப்போல ஒதுங்கி நின்று, உள்ளே சரக்குப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜருக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, எனக்குத் தலைவலி. நீங்களே கேட்டு முடிச்சு, தோட்டத்து ஜீப்புல அனுப்பி வச்சுருங்க."

மேனேஜர் ஜெபமணி அவன் அப்பா காலத்து மனிதர். தங்கமான ஆள், வாய் மட்டும் நிற்காது. அவளை அனுப்பிவிட்டு, ஆதித்தன் முன்பே திரும்பியிருந்த ஊர் ஆபீசுக்குக் கீழே வந்ததும் வராததுமாக, "தம்பி, கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கலாம். என்ன பணிவு, என்ன தெளிவு" என்றார்.

எடுத்தால் முதல் நாளே அவள் வந்து எதிரே நிற்பாள். காக்கிச் சட்டை அண்ணன் யார் என்று அந்த நிமிஷமே தெரிந்துபோகும். "வேணாம் அண்ணாச்சி" என்றான் ஆதித்தன்.

"ஏன் தம்பி?"

காரணம் வேண்டுமே. கைக்கு எட்டிய காரணத்தை எடுத்தான். "வெசாரிச்சேன். மதுரையில இருந்த எடத்துல சாமான் காணாமப் போயி, போலீசு ஸ்டேசன் வரைக்கும் போயிருக்கு."

எடுத்தவன் வேறொருவன் என்கிற பாதியை அவன் சொல்லவில்லை. "மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே" என்று ஜெபமணி உச்சுக்கொட்டினார். ஆதித்தன் தளத்துக்குள் போய் நிராகரிப்பு என்ற பொத்தானை அமுக்கினான். தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, சீ என்று சொல்லிக்கொண்டான். அந்தச் சீ அவனைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெபமணி கூப்பிட்டார். "தம்பி, நேர்காணல் எப்படி இருந்துச்சுன்னு வந்தவங்ககிட்ட இந்தத் தளத்துக்காரன் கேப்பான் போல. அந்தப் புள்ள எழுதியிருக்கு, கேளுங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"வேலை கிடைக்கவில்லை. ஆனால் மரியாதையாக நடத்தினார்கள். மேனேஜர் ஐயா பொறுமையாகக் கேட்டார். என்னைக் கூட்டிவந்த டிரைவர் அண்ணன் கூடப்பிறந்தவர் மாதிரி தைரியம் சொன்னார். திரும்பும்போது அவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. என் நன்றியை அவரிடம் சொல்லிவிடுங்கள்."

ஆதித்தன் அந்தப் பக்கத்தை மூடிவிடக் கை நீட்டினான். அதற்குள் ஜெபமணி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார். "ஏலே ஜக்கையா, இங்க வா. ஒன்னையப் பத்தி எப்படி எழுதியிருக்கு பாரு."

ஜக்கையன் உள்ளே வந்து கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அன்னைக்கு நான் லீவுல இருந்தேன் அண்ணாச்சி. மொதலாளிதான் எஞ் சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டு ஜீப்ப எடுத்துட்டுப் போனாரு."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ஜெபமணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வயசான மனிதருக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை.

"வெசாரிச்சேன்னு சொன்னீகளே தம்பி. அந்தப் புள்ளகிட்டயேவா?"

"ஆமா அண்ணாச்சி."

"அது எடுத்துச்சா?"

"இல்ல. எடுத்தவன் வேற ஆளு. அதையும் சொல்லுச்சு."

ஜெபமணி கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நேத்து ஏல மையத்துல ஒரு யாவாரி, ஆபீசுக்கு ஆள் வேணும்னு கேட்டாரு" என்றார். "அந்தப் புள்ள அவருகிட்டயும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்துச்சு. நல்லது செய்யறதா நெனச்சு நாந்தான் வேணாம்னு சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். பக்கத்துல நாலு பேரு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாக."

அவர் திட்டியிருந்தால் ஆதித்தனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "நான் போயி அவரு காதுல நெசத்தப் போட்டுட்டு வர்றேன்" என்று சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்து, ஆதித்தன் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

ராசிங்காபுரத்தில் வீடு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தெருவோரக் களத்தில் அப்பாவும் மகளும் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைக் கண்டதும் சிவரஞ்சனி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்பா, நான் சொன்னேன்ல, டிரைவர் அண்ணே" என்றாள். ஓடிவந்து ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "என்னண்ணே, மொதலாளி மனசு மாறிட்டாரா?" என்று கேட்டாள்.

ஆதித்தன் இறங்கினான். "மொதலாளி நாந்தாம்மா" என்றான்.

அதோடு நிறுத்தவில்லை. கோட்டுக்காரர், காக்கிச் சட்டை, கதவிடுக்கு, ஜெபமணியிடம் சொன்ன பாதி, ஏல மையத்தில் டீ குடித்த நாலு பேர் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வேலை அவளுக்குத்தான், என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்றும் சொன்னான். முதலாளி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் அப்பா எழுந்து தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்படியே நின்றார். போலீஸ் ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டில் இப்படித்தான் நின்றிருப்பார்.

சிவரஞ்சனி ஜீப் கதவிலிருந்து கையை எடுத்தாள். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. வீட்டுக்குள் போனாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கைக்குக் கை கொடுக்காமல், ஜீப் முன்னால் பானெட்டின்மேல் வைத்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க சார்" என்றாள்.