பட்டப்பெயர் இல்லாத பாடவேளை

ஒரு பட்டப்பெயரின் விலை இருபத்திரண்டு வருடம். நான் முழுவதும் கட்டிவிட்டேன். சரக்குதான் வந்து சேரவில்லை.

பள்ளியில் நான் இருபத்திரண்டு வருடமாக வணிகவியல் ஆசிரியர். அப்பாவின் ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன். சரக்கு பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டில் அரிச்சுவடிக்கு முந்தைய பாடம். அதனால்தான், இயற்பியலுக்கு வந்த புது வாத்தியாரைப் பிள்ளைகள் "அண்ணா" என்று கூப்பிட்டபோது என் முகம் இஸ்திரி போட்ட துணிமாதிரி இருந்தது. வயிறு மட்டும் பற்றி எரிந்தது.

அவருடைய ஆய்வகமும் என் வகுப்பும் அடுத்தடுத்த அறைகள். நடுச்சுவர் கூரைவரை போகாது.

"டேய் மச்சி, உராய்வு மட்டும் இல்லன்னா நீ இந்நேரம் வழுக்கிக்கிட்டு வாசலுக்கே போயிருப்படா" என்பார். அங்கே சிரிப்பு வெடிக்கும். இங்கே நான் தேய்மானம் நடத்திக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள், பக்கத்து அறைக்காக.

தலைமையாசிரியைக்கு இது பிடிக்கவில்லை. சுற்றறிக்கை ஒன்று வந்தது: ஆசிரியரை யாரும் உறவுமுறை சொல்லி அழைக்கக்கூடாது, ஆசிரியர்கள் டா, டி, மச்சி போடக்கூடாது, வகுப்பில் சொந்த விஷயம் பேசக்கூடாது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் அவர் வேலைய நிரந்தரம் பண்ணணும் சார். ரெண்டு வாரம் அண்ணா, மச்சின்னு காதுல விழறத எண்ணி எழுதிக் குடுங்க. உங்க வாயில ஒரு வார்த்த கூட வழுக்கி விழுந்து நான் பாத்ததில்ல."

"எத்தனை வரைக்கும் பொறுப்பீங்க மேடம்?"

"முப்பது. அதத் தாண்டினா கையெழுத்து கிடையாது."

பன்னிரண்டாம் நாளே முப்பத்தொன்று. கடைசி ஒன்று தும்மலாகவும் இருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் "ச்சீ" என்றும் கேட்டது, "ச்சி" என்றும் கேட்டது. மச்சி என்றே எழுதிவிட்டேன். அன்று இரண்டு மாதத்திற்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணின் நோட்டில், கடைசிப் பக்கத்தில் அவளே போட்ட கால அட்டவணை இருந்தது. ஆங்கிலம் எடுக்கும் தலைமையாசிரியை 'சைரன்'. கணக்கு டீச்சர் 'மீதி'. விளையாட்டு வாத்தியார் 'விசில்'. நூலகர் 'உஷ்'. இயற்பியல் 'அண்ணா'. என் பாடவேளையில் 'வணிகவியல்'. ஐந்து நாளும் வணிகவியல்.

வகுப்பு கலையும்போது அவளை நிறுத்தினேன்.

"இது உன் நோட்டுதானே?"

அவள் முகம் வெளுத்தது. "சும்மா ஞாபகத்துக்கு எழுதினது சார்."

"கோபமில்ல. எனக்கு மட்டும் ஏன் வெறும் வணிகவியல்?"

"மரியாதை சார்."

"மேடம் மேலயும்தான் மரியாதை. அவங்க சைரன்."

"அவங்க சத்தம் போடுவாங்க சார்."

"நானும் போடுறேன். நாளையிலேருந்து போடுறேன்."

அவள் தரையைப் பார்த்தாள். "உங்களுக்கும் வச்சுப் பாத்தோம் சார். எதுவும் ஒட்டல."

"நாலெழுத்துல வேண்டாம். மூணுல ஏதாவது. சரி, ரெண்டுன்னாலும் போதும்."

அப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆசை என் முகத்தில் விலைச்சீட்டுப்போல ஒட்டிக்கிடந்தது.

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், இப்படிக் கேக்கறது... சொந்த விஷயம்தானே? அந்தச் சுற்றறிக்கைல வருமா?"

வரும். அதை வகுப்பு வகுப்பாகப் போய்ப் படித்துக் காட்டியவனே நான்தான். நோட்டை மூடி அவளிடம் நீட்டினேன்.

"பரவால்ல சார்" என்றாள் அவள், சில்லறை இல்லாதவனைப் போகச் சொல்லும் கடைக்காரிமாதிரி. "ஒரு தடவதானே. நான் கணக்குல சேக்கல."

எங்கள் கடையில்கூட இவ்வளவு சுலபமாகத் தள்ளுபடி கொடுத்ததில்லை. அன்று மாலை ஆசிரியர் அறையில் பட்டியலை எடுத்தேன். கடைசி வரியில் மச்சி என்று எழுதியிருந்த தும்மலை அடித்தேன்.

தலைமையாசிரியை தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முப்பத்தொண்ண அடிச்சு முப்பதாக்கியிருக்கீங்க."

"ஒண்ணு தும்மல் மேடம்."

"நிச்சயமா?"

"எனக்கே ரெண்டு நாள் கழிச்சுதான் சரியாக் கேட்டது."

அவர் நிரந்தர ஆணையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். புது வாத்தியாரைக் கூப்பிட்டு அரைமணி நேரம் கண்டித்தும் அனுப்பினார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம், "மாணவரே, உராய்வு இல்லையெனில் தாங்கள் வாசலுக்கே வழுக்கிச் சென்றிருப்பீர்கள்" என்கிறார். முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள். இதற்கு எந்தச் சுற்றறிக்கை போடுவது?

போன வாரம் அந்தப் பெண்ணின் நோட்டு மறுபடி திருத்த வந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். புது அட்டவணை. இயற்பியல் இன்னும் 'அண்ணா'தான். என் பாடவேளையில் 'வணி' என்று இருந்தது. கட்டம் சின்னது, இடம் போதாமலும் சுருக்கியிருக்கலாம்.

ஆக, புது வாத்தியார் கணக்கில் கேட்காமலே வந்த அண்ணாவும் மச்சியும் முப்பது. எனக்குக் கேட்டு வாங்கியது அரை. மீதி அரை, நிலுவை.