நீ இங்கே நிச்சயம் (4)

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு நான் உளறிய ஒரு பதில்தான் காரணம். ஆரம்பத்தை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். முதலாவது இது:

'அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி நான்கு வருடங்கள் ஆகியிருந்த ஒரு மழைநாளில்'—

மழை பெய்யவில்லை. அடுத்தது:

'மனித உறவுகளும் ஒரு குறுக்கெழுத்துப் புதிர்தா'—

போதும். (மூன்றாவதைக் காட்ட மாட்டேன்.) நேராகவே சொல்கிறேன். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். கைப்பேசியில் பன்னிரண்டு பேர் கொண்ட குறுக்கெழுத்துக் குழு ஒன்றை நடத்துகிறேன். வாரம் ஒருவர் ஒரு குறிப்பு எழுதுவார். மற்றவர்கள் விடையைக் கண்டுபிடித்துவிட்டு, எழுதியவரை உண்டு இல்லை என்று ஆக்குவோம். எல்லோருக்கும் புனைபெயர்தான். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் குறிப்புகள் எதையும் நேராகச் சொல்லாதவை. 'தலையிழந்த குதிரை ஜன்னலில் தொங்கும் (2)' என்றால் குதிரையின் முதல் எழுத்தை வெட்ட வேண்டும். மிச்சம் 'திரை'. அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

2

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 'சுத்தியல்' என்ற உறுப்பினர் இதைப் போட்டார்: 'நீ இங்கே நிச்சயம்! சம்பாத்தியம் (4)'.

இரண்டே நிமிடத்தில் 'முற்றுப்புள்ளி' விடை சொன்னார்: வருவாய். சம்பாத்தியமும் வருவாய்தான், நீ வருவாய் என்றாலும் வருவாய்தான். நான் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினேன்.

முற்றுப்புள்ளி விடவில்லை. "இது உறுதியா சொல்றதா, இல்ல கூப்பிடறதா? தெளிவா இல்லையே."

"ரெண்டும் இல்லைங்க. வெறும் சொல்" என்றார் சுத்தியல்.

பத்து நிமிடம் கழித்து முற்றுப்புள்ளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கும் பெண் என்று அன்றுதான் தெரிந்தது.

"சார், சுத்தியல் என் தம்பி. குழுவுல ஒண்ணாதான் சேர்ந்தோம். நாலு வருஷமா பேச்சு இல்ல. குழுவுல மட்டும் வாங்க போங்கன்னு பேசிக்குவோம். இந்தக் குறிப்பு... எனக்கு எழுதினதா இருக்குமா?"

என் உளறல் இதுதான்: "குறிப்புல சொல்லை மட்டும் பாருங்கம்மா. ஆளைப் பாக்காதீங்க."

(ஏன் அப்படிச் சொன்னேன்? குறிப்பு அத்தனை அழகாக இருந்தது. அதற்குள் ஒரு மனிதன் நின்று கையசைக்கிறான் என்றால் அதன் அழகு குறைந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.)

3

இந்த இடத்தில் தம்பியை நல்லவராகக் காட்டுவதா கெட்டவராகக் காட்டுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வருடம் முன்பு அவர்களுடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அக்கா வேலையில் இருந்தார். அவரைக் கேட்காமலே தம்பி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அம்மா கண் விழிக்கவில்லை.

அடுத்த வாரம் குறிப்பு எழுதும் முறை அக்காவுடையது: 'கண்ணுக்குத் தடையில்லை, உறுதியும் இல்லை (6)'. விடை: பார்க்கலாம்.

மறுநாள் மதியம் ஒருவர் என் அச்சகத்துக்கே வந்துவிட்டார். (குழுவை நடத்துபவன் என்பதால் என் அச்சகத்தின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.) லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நகத்திலெல்லாம் கிரீஸ். "நான்தான் சுத்தியல்" என்றார். உட்காரக்கூட இல்லை.

"சார், பார்க்கலாம்னா வருவாளா, மாட்டாளா?"

"எங்க வரணும்?"

"வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். இதயத்துல ஒரு வால்வு மாத்தணும். சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும்கறாங்க. எனக்கு அவளை விட்டா யாருமில்ல."

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"அம்மாவுக்குப் போடும்போது என்னைக் கேட்டியான்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, சார்."*

*இந்த வசனத்தை நான் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். அவர் நிஜத்தில் இன்னும் அதிகமாகத் திணறினார்.

அவர் போனதும் அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. மருத்துவமனை, மாடி, நேரம் எல்லாவற்றையும் எழுதி, 'நான் சொன்னது தப்பு. அது உங்களுக்கு எழுதியதுதான்' என்று முடித்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

4

வியாழன் காலை எட்டு மணிக்கு நானே போய் உட்கார்ந்தேன். செவிலியர் படிவத்தை நீட்டினார்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

"நான்... குறுக்கெழுத்து" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "நான் அக்கா."

தோளில் பெரிய பை, காலில் இரண்டு விதமான செருப்பு. அதை அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை. படிவத்தை வரி வரியாக, இரண்டு முறை படித்தார். 'ஒப்புதல்' என்பதில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது, வைத்தார். (பிழை திருத்துபவன் நான். என் கண்ணில் அது படவில்லை.) பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மருத்துவர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அக்கா முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் எழுந்துவிட்டார்.

"நான் வந்தேன்னு சொல்லாதீங்க, சார்."

"ஏம்மா?"

"சொன்னா, மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்குவான். மன்னிச்சேனான்னு எனக்கே தெரியல."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

5

அக்கா பாதி வழியில் திரும்பி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் திரும்பி வரவில்லை. நானே எல்லாவற்றையும் போட்டு உடைப்பதாக இன்னொன்று எழுதினேன். அதில் நான் ரொம்பவும் நல்லவனாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் பிற்பகல் என்னை உள்ளே விட்டார்கள். தம்பியின் உதடு காய்ந்திருந்தது. கண்ணைச் சுருக்கி, என் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

"அக்கா வந்தாளா, சார்?"

ஒருமுறை தவறாகப் பதில் சொன்னவன் நான். இம்முறை எது சரி என்று அப்போதும் தெரியவில்லை, எழுதும் இப்போதும் தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் அவருடைய கோப்பு தொங்கியது. மேல் தாளிலேயே அக்காவின் கையெழுத்து. அவருடைய மூக்குக்கண்ணாடி என் கைக்கு எட்டும் தூரத்தில், மேசைமேல் இருந்தது. வாயைத் திறக்காமல் அதை எடுத்துக் கொடுத்தால் நான் வாக்கு மீறியவனா?

நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை. நாற்காலியை உங்களுக்கு விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். உட்காருங்கள். அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.