கை நனைக்காத காரைக்குடிப் பெண் வீட்டார்

கல்லல் மலையாண்டியின் சம்பந்தம் வேண்டாம் என்று அமராவதிபுதூர் சேதுபதி சொல்லிவிட்டார். காரணத்தையும் ஒளிக்கவில்லை.

"காரைக்குடிக்காரக பதினாறு வருசமா வந்து வந்து விசாரிச்சுட்டு, முடிக்காமயே போறாக. அவுக கண்டுபிடிச்ச கொறை என்னன்னு தெரியாம எம்மக நாகவல்லியை நான் எப்படித் தள்ளிவிட?"

மலையாண்டிக்கு வயது இருபத்திரண்டு. கல்லலில் பம்புசெட் மெக்கானிக். நாகவல்லியைத் திருக்கோஷ்டியூர் தெப்பத் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்தான். அவளும் பார்த்துச் சிரித்தாள். சிரித்தது இவனைப் பார்த்தா, இவன் மிதித்து நின்ற சாணியைப் பார்த்தா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலையாண்டி முதல் கட்சி. அன்றிலிருந்து அவனுக்கு எந்த மோட்டாரும் சரியாகக் காதில் விழவில்லை.

காரைக்குடிக்காரர் என்பவர் புரொபசர் செம்மலை. சிறு பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை நாலு பேரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்வதற்காக 1961-இல் கல்லலில் வந்து இறங்கியவர். அப்போது ஆராய்ச்சிக் கணக்கில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். வருடா வருடம் வருவார். பிள்ளைகள் விளையாடுவதை மரத்தடியில் நின்று பார்ப்பார். பிறகு தெருவில் விசாரிப்பார். பையன் யாரோடு சேருகிறான்? கோபம் வருமா? பெரியவர்கள் பேச்சைக் கேட்பானா? காலப்போக்கில் சில பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போனார்கள். மீதிப் பேர் சொந்தத்திலேயே கல்யாணம் முடித்து, விசாரிப்பைக் கண்டுகொள்ளாமல் போனார்கள். கடைசியில் ஆராய்ச்சி முழுக்க மலையாண்டி ஒருவன் தலையில் வந்து உட்கார்ந்தது.

இந்தச் சீமையில் வெளியூர்க்காரர் ஒருவர் குடையும் கையுமாக வந்து ஒரு பையனைப் பற்றி விசாரித்தால், அவர் பெண் வீட்டுக்காரர். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. அப்படி விசாரிப்பவரிடம் குறை சொல்லிக் கல்யாணத்தைக் கெடுப்பதைவிடக் கோயில் உண்டியலில் கைவைக்கலாம். ஆகவே மலையாண்டியால் முன்பல்லை இழந்தவர்கூட, இருக்கிற பல்லை வைத்து, "தங்கமான பையன்" என்றார்.

புரொபசர் வேறொரு தப்பும் செய்தார். மலையாண்டியின் அம்மா சின்னத்தாயி வருடா வருடம் காப்பி கொண்டுவந்து நீட்டுவாள். ஆராய்கிற வீட்டில் சாப்பிட்டால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று புரொபசர் மறுத்துவிடுவார். சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மலையாண்டி காரைக்குடிக்குப் பஸ் ஏறினான்.

"சார், நீங்க சேதுபதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இது ஆராய்ச்சின்னு."

"நான் தலையிட்டா ஆய்வு கெட்டுடும்பா. கல்யாணம் நடந்தா நடந்ததுன்னு எழுதுவேன். நின்னா நின்னதுன்னு எழுதுவேன்."

"நிக்கிறது எங்கல்யாணம் சார்!"

புரொபசர் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க ஊரைப் பத்தி டில்லி மாநாட்டுல வாசிக்கப் போறேன், தெரியுமா? இத்தனை வருஷத்துல எந்தப் பிள்ளை மேலயும் ஒரு புகார் கிடையாது. உலகத்துல எங்கயுமே இப்படி இல்ல."

"பொய் சொல்லியிருக்காக சார்."

"எதுக்குப் பொய் சொல்லணும்?"

"உங்களுக்குக் கட்டிக்கொடுக்கப் பொண்ணு இருக்குன்னு."

"எனக்கு ரெண்டும் பையன்கள்!"

"அதை எங்க ஊர்ல ஒருதரம் சொல்லிப் பாருங்க."

புரொபசர் சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிப் பார்க்க வந்துவிட்டார். மலையாண்டியின் சிநேகிதன் சபியுல்லா ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தான். உரம் வாங்க வந்த சேதுபதியை, 'காரைக்குடிக்காரர் வாயாலேயே குறையைக் கேளுங்க' என்று பெஞ்சில் உட்காரவைத்தவன் அவன்தான்.

புரொபசர் தெரு நடுவில் நின்று அறிவித்தார். "எனக்குப் பெண்ணே கிடையாது. நான் மாப்பிள்ளை பார்க்க வரலை. பிள்ளைங்க எப்படி வளருதுன்னு படிக்க வந்தவன்."

டீக்கடைக் கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது.

"பொண்ணே இல்லையா?" என்றாள் கடைக்கு எதிர்வீட்டுக் காளியாயி. "அப்ப நாங்க இம்புட்டு வருசமாக் கட்டிக்காத்தது யாருக்கு? அய்யா, இந்தப் பய பஞ்சாயத்து ரேடியோவைத் தூக்கிக் கெணத்துல போட்டவன்!"

அவ்வளவுதான், மடை உடைந்தது. எட்டாம் வகுப்பில் வாத்தியார் சைக்கிளைக் கல்லல் சந்தையில் விலை பேசியது வந்தது. கோபம் வந்தால் ஸ்பானரை எறிவான் என்பது வந்தது. பந்தியில் இரண்டு தரம் உட்காருவான் என்றார் ஒருவர். மூன்று தரம் என்று திருத்தினான் சபியுல்லா.

"நீயுமாடா மாப்ள?" என்றான் மலையாண்டி.

"ஆராய்ச்சின்னா உண்மையைச் சொல்லணும்லடா."

நாகவல்லி தெப்பத்தோடு மிதந்து போவது மலையாண்டியின் கண்ணில் தெரிந்தது. சேதுபதி மட்டும் டீயை வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி போடுவானா?"

"அதெல்லாம் இல்ல."

"வலிப்பு?"

"அவனைப் பாத்து மத்தவுகளுக்கு வந்தாத்தான்."

"அங்குட்டு இங்குட்டுத் தொடுப்பு?"

"இந்த மூஞ்சிக்கா?" என்றாள் காளியாயி.

சேதுபதி துண்டை உதறித் தோளில் போட்டார். "இம்புட்டுத்தானா? நான் என்னென்னமோ நெனைச்சு ராத்தூக்கம் கெட்டுக் கெடந்தேன். பதினாறு வருசம் கை நனைக்காமப் போறாகளேன்னு குஷ்டமோன்னுகூட நெனைச்சேன். ரேடியோவைத்தானே போட்டான்? தை மாசம் வச்சுக்குவோம்."

மலையாண்டி அவருக்கு இன்னொரு டீ சொன்னான்.

புரொபசர்தான் தெருவில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "ஆறு வயசுப் பிள்ளைக்கு யாராவது சம்பந்தம் பேசுவாங்களா?" என்று காளியாயியிடம் கெஞ்சுவதுபோல் கேட்டார்.

"நல்ல எடம்னா முந்திக்கத்தானே செய்வாக? நீங்க ரொம்ப வெவரமானவுகன்னு நெனைச்சோம்."

சாயங்கால ரயிலுக்கு மலையாண்டியே அவரைக் கூட்டிப்போனான். நடைமேடையில், வண்டி தூரத்தில் தெரிந்ததும் புரொபசர் மெதுவாகக் கேட்டார்.

"மலையாண்டி, ஊரையே கேட்டேன். உன்னை ஒரு தடவைகூடக் கேட்கலை. நீ எப்படிப்பட்டவன்? நீயே சொல்லு."

மலையாண்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்து யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தவன் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டான். நாலடி தள்ளி ஒரு அமராவதிபுதூர்க்காரர் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"தை மாசம் முடியட்டும் சார்," என்றான்.