ஐந்தாவது வேட்டு

விடியும் முன்பே பாலசமுத்திரத்துக் கல்குவாரியில் மிஷின் அலறத் தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையில் துளை போட்டார்கள். காண்ட்ராக்டர் கிருஷ்ணப்பா கம்ப்ரசரில் ஓடும் துளை மிஷினைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து, அந்த அலறலை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது கிருபானந்தத்தின் வேலை. கல்தூள் பல்லில் நறநறத்தது. கை மரத்துப்போனது. பள்ளத்தில் கல் உடைப்பவர்களுக்கும் அதே சத்தம்தான். கிருஷ்ணப்பா மட்டும் அந்தப் பள்ளத்தில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை.

வெடிகளை எண்ணிச் சொல்வதும் கிருபானந்தம்தான். எத்தனை திரி கொளுத்தினார்களோ அத்தனை வேட்டும் கேட்டாக வேண்டும். அவன் கை தூக்கினால்தான் ஆட்கள் இறங்குவார்கள்.

அன்று ஐந்து திரி. மேட்டில் பதுங்கியிருந்தவன் காதில் ஙொய்யென்ற இரைச்சலைத் தவிர எதுவுமில்லை. தரை அதிர்ந்தது தெரிந்தது. நான்கா, ஐந்தா? எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. செவிடன் என்று பேர் வந்துவிட்டால் யார் வேலை கொடுப்பார்கள்? கையைத் தூக்கிவிட்டான்.

கூடையோடு முதலில் இறங்கிய சந்திரம்மா பாறை இடுக்கில் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அப்போதுதான் ஐந்தாவது வெடித்தது. கல் சில்லு அவள் தோளைக் கிழித்தது.

கிருபானந்தம் ஓடிப்போய்த் தன் துண்டால் காயத்தைக் கட்டினான். "எனக்குக் கேக்கலக்கா. கேக்காமலே கை தூக்கிட்டேன்" என்றான். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினான். பள்ளம் முழுவதும் அதைக் கேட்டது.

மேட்டின் மேல் வந்து நின்றார் கிருஷ்ணப்பா. "ஏமய்யா, செவிட்டுப் பயலா நீ? போ, உனக்கு இங்க வேலை இல்ல. ஏழுமலை, இனிமே நீ எண்ணு. எல்லாரும் எறங்குங்க."

கல் உடைக்கும் ஏழுமலை அசையவில்லை. "என்னால முடியாதுங்க. எனக்கும் காது அடைச்சுக்கினு கீது."

"இத்தன நாளு ஏன் சொல்லல?"

"வெக்கம்ங்க. அதான் அவன் மூஞ்சியப் பாத்துக்கினு நின்னேன்."

கல் சுமக்கும் ரத்தினம்மா தலை குனிந்தாள். "எனக்கும்தான். ராத்திரி புள்ள அழுவறது கேக்கறதில்ல. காலைல கொஞ்சம் தெளியும். மிஷினு போட்டா மறுபடி அடைச்சிக்கும்."

ஒவ்வொருவராகத் தலை ஆட்டினார்கள். சந்திரம்மா தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கிருபா மேல எனக்குக் கோவம் தீரல. ஆனா கேக்காத காத வெச்சிக்கினு நாம எல்லாருந்தான் எறங்கினோம். ஐயா, மிஷினு சத்தம் படாத ஆளு எண்ணணும். மிஷினு புடிக்கறவனுக்கு ஓய்வு குடுக்கணும். அதுவரிக்கும் எறங்கமாட்டோம்."

"ஏர்பேடு ஊர்லேந்து வேற ஆளு கொண்டாறேன்."

"கொண்டாங்க. அவங்ககிட்டயும் சொல்றோம்."

கிருஷ்ணப்பா ஜீப்பில் ஏறிப் போனார். ஆட்கள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு அடுப்பு எரியுமா என்பது யாருக்கும் தெரியாது. கிருபானந்தம் ஒதுங்கியே நின்றான். சந்திரம்மா கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் தோளைப் பார்க்க முடியாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நாளைக்கும் யாரும் இறங்குவதில்லை என்று பேசி முடிவானதை ரத்தினம்மா அவன் காதோரம் குனிந்து சொன்னாள்.

அவன் தலையாட்டப் போனான். பிறகு நிறுத்திக்கொண்டு, "கேக்கலக்கா, இன்னொரு தரம் சொல்லு" என்றான்.