முந்நூறு வோல்ட்

வெளியே பூட்டு விழுந்தது.

சித்ரலேகா பாய்ந்து போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

"யாரது? கதவைத் திறங்க!"

மோட்டார் ரூமின் கம்பி ஜன்னலில் பாக்கியவதியின் முகம் தெரிந்தது. வயலுக்குச் சொந்தக்காரி.

"திறக்கதுக்காம்மா பூட்டினேன்? ஒன் கையெழுத்தப் பாத்துத்தான இந்த மோட்டார வாங்கினேன்? ரெண்டு மாசத்துல மூணு தடவ காயில் கருகிட்டு. பிசான நெல்லு பால் புடிக்க நேரம். பொய்க் கையெழுத்துன்னு எழுதிக் குடு, திறக்கேன்."

புகாரை விசாரிக்கத்தான் சித்ரலேகா சீவலப்பேரிக்கு வந்திருந்தாள். திருநெல்வேலி பம்ப் சோதனைக்கூடத்தில் தற்காலிக வேலை அவளுக்கு. குறைந்த மின்செலவில் அதிகத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு மட்டும் சான்று. சான்று பெற்றதற்கு மட்டும் மானியம். புதிய திட்டம். வருகிற திங்கட்கிழமை, அவள் கையெழுத்தை நம்பி இன்னும் நானூறு மோட்டார்கள் இதே பக்கம் இறங்கப் போகின்றன.

பொய்யா? பதினோரு முறை ஓடவிட்டு அளந்தாளே!

பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்தாள். கம்பிகளில் வைத்தாள். முள் முந்நூறில் நின்றுவிட்டது.

சோதனைக்கூடத்தில் எப்போதும் நானூற்றுப் பதினைந்து. விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது. அங்கே இந்த மோட்டார் ராஜா. இங்கே மூச்சுத் திணறி, கரண்டை இழுத்து இழுத்து, தானே வெந்து போகிறது.

ஜீப் ஒன்று வந்து நின்றது. அவளுடைய மேலதிகாரி ஐயம்பெருமாள் இறங்கினார். ஜன்னல் வழியே ஒரு தாளை நீட்டினார்.

"விவசாயி தப்பா ஓட்டினதால எரிஞ்சுட்டுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடும்மா. பூட்ட உடைச்சுக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"சார், இங்கன முந்நூறு வோல்ட்தான் வருது."

"அது நம்ம தலைவலி இல்ல. திட்டம் நின்னா ஒன் வேலையும் நின்னுரும். யோசிச்சுக்கோ."

பாக்கியவதி குறுக்கே வந்தாள். "தப்பா ஓட்டினேனா? பழைய மோட்டாரப் பதினெட்டு வருஷம் ஓட்டினவ வே நான்! சுவிட்ச நீரா வந்து அமுக்கினீரு? கொறஞ்ச கரண்டுக்குன்னே தோதாக் காயில் கட்டின மோட்டாரு அது. அதுக்குச் சான்று கெடையாதுன்னு கழட்ட வச்சியளே!"

சித்ரலேகா அவர் தாளை நாலாகக் கிழித்தாள். வேறொரு தாளில் எழுதினாள்: 'முந்நூறு வோல்ட்டில் இந்த மோட்டார் தகுதியற்றது. நான் கொடுத்த சான்று தவறு.' கையெழுத்திட்டு நீட்டினாள்.

பாக்கியவதி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பூட்டைத் திறந்தாள். "வா தாயி."

வாசலில் ஐயம்பெருமாள் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு அளவு. எவன் நம்புவான்? கரண்டு அந்த நேரம் கொறஞ்சிருக்கும்னு சொல்லிட்டுப் போயிருவேன். மீட்டரக் குடு. அது ஆபீஸ் சொத்து."

அவர் சொன்னது சரிதான். ஒரு அளவு போதாது. மீட்டர் கைமாறினால் அதுவும் இல்லை.

சித்ரலேகா பின்வாங்கி உள்ளே போனாள்.

"அக்கா, பூட்டுங்க. ஆறு மணி வரைக்கும் அரை மணிக்கு ஒருக்க அளக்கணும். நானே கெஞ்சினாலும் திறக்காதீங்க."

பாக்கியவதி ஒரு கணம் விழித்தாள். பிறகு பூட்டினாள்.

பதினொன்றரை: முந்நூறு.

பன்னிரண்டு: இருநூற்றுத் தொண்ணூறு.

பன்னிரண்டரைக்கு ஐயம்பெருமாளும் டிரைவரும் கல்லால் பூட்டை அடிக்கத் தொடங்கினார்கள். சித்ரலேகா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதினாள்: இருநூற்று எண்பத்தைந்து.